ஜோடி சேராத ஸ்பீக்கரும் கலந்த அரிசியும்

புது அரிசியையும் பழைய அரிசியையும் ஒரே உலையில் போட்டால் என்ன ஆகும் என்று நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. புதுசு குழைந்துபோகும், பழசு வேகாமல் விறைத்து நிற்கும். இரண்டும் நல்ல அரிசிதான். ஆனாலும் கலந்தால் இரண்டுமே கெட்டது. தஞ்சைத் தரணியில் பெயர் வாங்கிய அரிசிக் கடைக்காரர் எவரும் அப்படி மூட்டை கட்டமாட்டார்.

அரிசியில் காட்டும் இந்த நாணயத்தை நம் கடைத்தெருவின் மற்ற வியாபாரங்களிலும் காட்டுகிறோமா? கார் ஸ்பீக்கர் வியாபாரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், சம்பா அறுவடை முடிந்து நிலுவையெல்லாம் வசூலான நேரத்தில், மகனின் காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனார். காரில் ஏற்கெனவே 12 அங்குல சப்ஊஃபர் ஒன்று இருந்தது. 'இன்னும் அதிர வேண்டும்' என்பது மகனின் ஆசை. கடையில் 8 அங்குல சப்ஊஃபர் ஒன்று தனியாகத் தங்கிக் கிடந்தது. 'பெரியது ஆழத்துக்கு, சின்னது வேகத்துக்கு. இரண்டும் சேர்ந்தால் பிரமாதம்' என்று சொல்லி, அதே ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதிர்வு கூடவில்லை, சில பாட்டுகளுக்குக் குறைந்தே போனது. மாதம் முடிவதற்குள் சின்ன ஸ்பீக்கரின் காயில் கருகியது. 'நீங்கள்தான் சத்தத்தை அதிகம் வைத்தீர்கள்' என்று பதில் வந்தது. மகன் அடுத்த ஸ்பீக்கரை இணையத்தில் வாங்கிக்கொண்டான்.

தவறு எங்கே? சப்ஊஃபரின் வேலை, சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியைத் தருவது. இரண்டு சப்ஊஃபர் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் முன்னே வந்து, ஒரே நேரத்தில் பின்னே போகவேண்டும். அளவும் பெட்டியும் மாறும்போது இந்தத் தாளம் தப்புகிறது. ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்தால், ஒன்றின் ஒலியை மற்றொன்று தின்றுவிடும். காசு இரண்டுக்கு; கேட்பதோ ஒன்றுக்கும் குறைவு.

அடுத்தது, தாங்கும் சக்தி. கணக்கு நமக்குப் புதிதல்ல. 12 அங்குல ஸ்பீக்கரின் பரப்பு 8 அங்குல ஸ்பீக்கரைப்போல இரண்டேகால் மடங்கு. ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டுக்கும் மின்சாரம் போகும்போது, சின்னது முதலில் தன் எல்லையைத் தொடும். அதைக் காப்பாற்றச் சத்தத்தைக் குறைத்தால் பெரியது பாதி வேலைதான் செய்யும். பெரியதுக்காகக் கூட்டினால் சின்னது எரியும்.

மூன்றாவது, ஓம் கணக்கு. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம் ஆகும். 4 ஓமும் 2 ஓமும் சேர்ந்தால் சுமார் 1.33 ஓம். அப்போது 2 ஓம் ஸ்பீக்கர் மற்றதைப்போல இரு மடங்கு சக்தியை இழுக்கும். 2 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்ப்ளிஃபயராக இருந்தால் அது சூடாகும், அல்லது தானே நின்றுவிடும்.

வெவ்வேறு அளவைச் சேர்க்கவே முடியாது என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனி ஆம்ப்ளிஃபயர், தொனியைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் ஆகியவற்றை அமைத்து, கருவி வைத்து அளந்து சரிசெய்யத் தெரிந்தவர் செய்யலாம். அந்தச் செலவுக்கு ஒரே அளவில், ஒரே மாடலில் இரண்டு வாங்கிவிடலாம் என்பதே நம் கருத்து. ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதே மாடலில் இன்னொன்று வாங்குவது நல்லது. கிடைக்காவிட்டால் இருப்பதற்குத் தக்க பெட்டி செய்துகொள்வதே மேல்.

தேங்கிய சரக்கைத் தள்ளவேண்டிய நெருக்கடி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒற்றையாக நிற்கும் ஸ்பீக்கரை விலை குறைத்து, ஒற்றை என்று சொல்லியே விற்கலாம். அதில் நஷ்டம் ஒரு தடவை. பொருந்தாததை ஜோடி என்று சொல்லி விற்றால் வாடிக்கையாளரையே இழக்கிறோம்.

சட்டமும் இப்போது கடுமையாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருத்திக் கொடுப்பதும் ஒரு சேவைதான். அதில் குறை இருந்தால் வாடிக்கையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கியவற்றுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாய்மொழியாகக் கொடுக்கும் உறுதியும் வழக்காகலாம் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

எனவே ஸ்பீக்கர் விற்கும் சகோதர வணிகர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: ஓம் எவ்வளவு, எத்தனை வாட் தாங்கும், எந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்தும் என்பதைப் பில்லிலேயே எழுதிக்கொடுங்கள். வாங்கப் போகும் மளிகை வணிகர்களும் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம். 'இது உங்கள் காருக்குச் சரிப்படாது, வேண்டாம்' என்று முகம் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதைச் சொல்லும் கடைக்குத்தான் மனிதர்கள் திரும்பி வருகிறார்கள். அரிசிக் கடை என்றாலும் ஸ்பீக்கர் கடை என்றாலும் நம் முதல் சரக்கு அந்த ஒரு வார்த்தையே.