நுங்கு வண்டி

கோடை விடுமுறை வந்தால் ‘டிவியை அணை’ என்று வீட்டுக்கு வீடு கூச்சல். அணைத்துவிட்டு என்ன செய்வதாம்? நுங்கு தின்ற இரண்டு வெற்றுக் காய்களைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி. ஹாரன், கண்டக்டர் விசில் எல்லாம் பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. டிக்கெட்டுக்குப் பூவரச இலை. விளையாட்டு இலக்கியத்திலும் உண்டு. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாடும் ஆண்பால் பிள்ளைத்தமிழின் 10 பருவங்களில் கடைசி மூன்று என்ன? சிற்றில் என்னும் மணல்வீடு, சிறுபறை, சிறுதேர். முருகனையே மணலில் விளையாட விட்டார்கள் புலவர்கள். நாம்தான் சட்டை அழுக்காகும் என்று பிள்ளையைச் சோபாவில் உட்கார்த்தி வைக்கிறோம். (அப்புறம் டிவியைத் திட்டுகிறோம்.) பழைய அட்டைப்பெட்டி, கிழிந்த சேலை, உடைந்த குடை இவற்றை உடனே தூக்கிப் போடாதீர்கள். பிள்ளை எடுத்து விளையாட, ஒரு வாரம் மூலையில் கிடக்கட்டும். வீடு குப்பையாகும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.