சுவரில் எழுதினால் வயது ஏறுமா?

நாட்டிங்ஹாம் கோட்டைப் பாறையின் அடியில், பாறையோடு ஒட்டி நிற்கிறது 'யீ ஓல்டு ட்ரிப் டு ஜெருசலேம்' மதுக்கூடம். அதன் வெள்ளைச் சுவரில் பெரிதாக 1189 என்று எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் மிகப் பழைய மதுவிடுதி இதுதானாம். சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள் இங்கே தாகம் தீர்த்துக்கொண்டுதான் போனார்களாம்.

முதலில் அந்த ஆண்டைப் பார்ப்போம். 1189இல் ரிச்சர்டு இங்கிலாந்து மன்னனாக முடிசூடினான் என்பது சரி. ஆனால் அந்த ஆண்டில் இங்கே விடுதி நடந்ததற்கு ஆவணம் எதுவும் இல்லை. ரிச்சர்டு இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது 1194இல். அதுவும் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய பிறகு, தம்பி ஜானின் ஆட்களை விரட்டுவதற்காக! 'ட்ரிப் டு ஜெருசலேம்' என்ற பெயரோ 1799இல்தான் முதன்முதலாகப் பதிவில் வருகிறது. அதற்கு முன் 'பில்கிரிம்' என்றிருந்தது.

"கட்டடத்தைப் பார்த்தாலே பழமை தெரியவில்லையா?" என்பார்கள். தெரிகிறது, 17ஆம் நூற்றாண்டின் பழமை. இன்று நிற்கும் கட்டடத்துக்கு அதற்கு மேல் வயது சொல்ல முடியாது.

'பின்னாலிருக்கும் குகைகள் பழையவை' என்ற வாதத்தைத்தான் அப்படித் தள்ளிவிட முடியாது. பின்பக்க அறைகள் கட்டியவை அல்ல, மணற்பாறையைக் குடைந்தவை. இந்த ஊரில் இப்படி 800க்கும் மேற்பட்ட குகைகள் உண்டு. கல் மிருதுவானது, உளிக்கு எளிதில் இணங்கும்; உள்ளே கோடையிலும் குளிர்ச்சி மாறாது. பார்லியை முளைகட்டவும் பீர் பீப்பாய்களை வைக்கவும் இதைவிட வசதியான இடம் ஏது? கோட்டைக்கு வேண்டிய பீரை இங்கே காய்ச்சியிருக்கலாம் என்பதும் நம்பக்கூடியதே. ஆனாலும் காய்ச்சிய இடமெல்லாம் விற்ற கடை ஆகிவிடாது. தாத்தா வெட்டிய கிணற்றின் வயதைப் பேரன் கட்டிய வீட்டுக்குச் சொல்வதுபோல்தான் இது.

மாடியில் உள்ள பாறை அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால், புகைபோக்கியும் பாறைக்குள்ளேயே குடைந்து மேலே போவது தெரியும். செங்கல் சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடத்தின் தனிச்சிறப்பு இதுதான். (தூசி படிந்த ஒரு பொம்மைக் கப்பலும் அங்கே உண்டு. துடைத்தவர் பிழைக்கமாட்டாராம், அந்தக் கதையோடு எனக்குச் சண்டையில்லை.)

"விளம்பரம்தானே, யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கலாம். நட்டம் பக்கத்துக் கடைக்கு. பழைய சந்தைச் சதுக்கத்தையொட்டி இருக்கும் 'பெல் இன்' மதுவிடுதியின் மரச்சட்டங்களை அவற்றின் ஆண்டு வளையங்களைக் கொண்டு ஆராய்ந்ததில், அவை 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. கோட்டையடியிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.