எலும்பு வலிக்கு வயதுதான் காரணமா?



2018-ஆம் ஆண்டு நாடு தழுவிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிய வந்தது. நம் தோட்டங்களிலிருந்தும் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் என்று வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் "கால் எலும்பு குடைகிறதே" என்றால், "பால் வெட்டி உழைத்த உடம்பு, வயதாகிவிட்டது" என்று சொல்லித் தைலம் தடவிவிடுகிறோம். வலியின் வேர் கழுத்தில் இருக்கலாம் என்று நினைத்ததுண்டா?

கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம், அரிசி மணி போல் பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். இவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர். 1880-இல் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் மனித உடலில் இவற்றைக் கண்டு எழுதினார்.

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் காப்பதே இவற்றின் வேலை. அந்தச் சத்தின் அளவை அறிய, இவற்றுக்குக் காது போன்ற 'ஏற்பிகள்' உண்டு. 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த ஏற்பியை இனங்கண்டார்கள். சத்து குறைந்தால் சுரப்பி ஹார்மோனை அனுப்பி, எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். போதுமென்றால் ஓய்ந்துவிடும்.

சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் வெளியேறாமல் இரத்தத்தில் தங்குகிறது. உயிர்ச்சத்து டி-யைப் பயன்படும்படி மாற்றுவதும் சிறுநீரகமே. அது குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்பு உடம்பில் சரியாகச் சேராது. சுரப்பி இரவு பகலாக உழைத்து வீங்குகிறது. நாளடைவில் அதன் ஏற்பிகளும் குறைந்துபோகின்றன. காது மந்தமான காவல்காரனைப் போல், "போதும்" என்றாலும் கேளாமல் எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. ஓய்வில்லாமல் வெட்டினால் ரப்பர் மரம் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? எலும்பு மெலிந்து முறியும், தோல் அரிக்கும், சுண்ணாம்பு இரத்தக் குழாய்களில் படிந்து இருதயத்தைத் தாக்கும்.

இதைத் தடுக்க வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. மருத்துவர் தரும் சுண்ணாம்பு மாத்திரையைச் சிலர் மற்ற மாத்திரைகளோடு படுக்கும்போது விழுங்குகிறார்கள். அதனால் பயனில்லை. பாஸ்பரஸைப் பிடிப்பதற்காகத் தரப்படும் அந்த மாத்திரை சோற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான், உணவிலுள்ள பாஸ்பரஸை இரத்தத்தில் சேரவிடாமல் மலத்தோடு வெளியேற்றும். தாய்மார்களே, மாத்திரைப் புட்டியைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே வையுங்கள்.

சாசேஜ், நகெட், கறுப்புக் கோலா, டின் மத்தி, நெத்திலிக் கருவாடு ஆகியவற்றைக் குறையுங்கள். ஆனால் மீன், கோழியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். சுத்திகரிப்பில் இருப்பவர்களுக்குப் புரதம் அவசியம். வலிக்கிறதே என்று கடையில் வலி மாத்திரையோ, சுண்ணாம்பு டானிக்கோ நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, "சுண்ணாம்பு, பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் அளவு எப்படி இருக்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் உணவும் மாத்திரையும் பெரும்பாலும் கைகொடுக்கும். முற்றினால் உயிர்ச்சத்து டி மருந்து உண்டு. மந்தமான ஏற்பியைத் தட்டி எழுப்பும் சினகால்செட் என்ற மாத்திரையும் உண்டு. எதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சையில் சுரப்பியை அகற்றுவார்கள்.

இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தையும் சிறுநீரையும் தவறாமல் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தைக் காத்தால் எலும்பையும் காத்தவர்கள் ஆவீர்கள்.