சும்மா வீட்லதானே இருந்தாங்க!

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். பேச்சு எப்படியோ கொரோனா காலத்துக்குப் போயிடுச்சு. பக்கத்துல இருந்தவர் சொன்னார்: "இன்னாங்க பெரிய மன அழுத்தம்? பதினாலு நாள் சும்மா வூட்லதானே குந்தினு இருந்தாங்க. நமக்குக் கிடைச்சா நாம கூடத்தான் இருப்போம்!"

நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரலை. அங்கேயே சண்டை போட தைரியம் இல்லை. அதனால இங்கே எழுதறேன்.

எங்க பெரியப்பா கதையைச் சொல்றேன். 2020 மே மாசம். கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்கிக்கிட்டிருந்த அவர் பையன், மார்க்கெட்டை மூடினதும் ஊருக்கு வந்தான். டெஸ்ட் எடுத்தாங்க, பாசிடிவ். அவனை ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. வீட்ல மிச்சம் நாலு பேர். நாலு பேருக்கும் நெகட்டிவ். ஆனாலும் கதவுல ஸ்டிக்கர், வாசல்ல பிளீச்சிங் பவுடர், பதினாலு நாள் யாரும் வெளியே வரக்கூடாது.

பெரியப்பாவுக்கு அப்போ 62 வயசு. விடிஞ்சா ஏரிக்கரை, அப்புறம் கழனி, அப்புறம் டீக்கடைன்னு இருந்த மனுஷன். ரெண்டு ரூம் வீடு, ஒரே கக்கூஸ். இதுல "தனி அறை, தனி கழிப்பறை"ன்னு நோட்டீஸ் வேற. தெருக்குழாய்ல பெரியம்மா தண்ணி பிடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவங்க வீட்டுப் பாலை சொசைட்டியில வாங்கலை. மாட்டை அவுத்து மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போகக்கூட ஆள் இல்லை. ராத்திரியெல்லாம் மாடு கத்தும், இவர் தூங்காம உட்கார்ந்திருப்பார்.

தினமும் ஒருத்தர் வருவார். பத்தடி தள்ளி நின்னு, "நாலு பேரும் இருக்கீங்களா?"ன்னு கேட்பார். அவ்வளவுதான். எண்ணத்தான் வந்தாங்க, விசாரிக்க யாரும் வரலை. பிரஷர் மாத்திரை தீர்ந்து அஞ்சு நாள் ஆச்சு. அது அந்த எண்ணிக்கையில எங்கேயும் வரலை.

பதினோராவது நாள் ராத்திரி நெஞ்சு வலி. வாயுன்னு நினைச்சு சீரகத் தண்ணி குடிச்சார். 108-க்கு போன் போடலாம்னு பெரியம்மா சொன்னதுக்கு, "கொரோனா வார்டுல தள்ளிடுவான், அப்புறம் என் மூஞ்சியே பாக்க மாட்டே"ன்னுட்டார். விடிஞ்சு தூக்கிக்கிட்டுப் போனப்போ ஒன்பது மணி நேரம் ஆயிருந்தது. உயிர் இருக்கு. ஆனா இதயத்துல ஒரு பகுதி செத்துப் போச்சு. இன்னிக்கும் ஏரிக்கரை வரைக்கும் நடந்தா மூச்சு வாங்குது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். தனிமைதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பீடி இருந்துச்சு, பிரஷர் இருந்துச்சு. தனிமைப்படுத்தலே தப்புன்னும் சொல்லலை. தடுப்பூசி இல்லாத காலத்துல வேற வழியும் இல்லை. நான் கேக்கிறது ஒண்ணுதான்: கிருமியைத் தனியா வைக்கறதுக்காக மனுஷனை ஏன் அனாதையா விட்டீங்க?

"மனசு வேற, இதயம் வேற"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2004-ல லேன்செட் மருத்துவ இதழ்ல இன்டர்ஹார்ட் ஆய்வு வந்துச்சு. 52 நாடு, கிட்டத்தட்ட 30,000 பேர். மாரடைப்புக்குக் காரணமா அவங்க குறிச்ச ஒன்பதுல புகை, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோட மன அழுத்தமும் ஒண்ணு. பயமும் கவலையும் நாள்கணக்கா தொடர்ந்தா அட்ரினலின், கார்ட்டிசால் எல்லாம் இறங்காம நிக்கும். ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் போகும். இதோட நடையும் நின்னு, மாத்திரையும் நின்னா? கணக்கை நீங்களே போட்டுக்கங்க.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 2020 பிப்ரவரியிலேயே அதே லேன்செட்ல தனிமைப்படுத்தலோட மனநல பாதிப்பு பத்தி ஒரு தொகுப்பாய்வு வந்தாச்சு. நாள் நீளறது, சரியான தகவல் இல்லாதது, சாமான் பத்தாதது, வருமானம் போறது, ஊர் ஒதுக்கறது... இதெல்லாம் மனசை உடைக்கும்னு பட்டியலே போட்டிருந்தாங்க. நம்ம கதவுகள்ல ஸ்டிக்கர் வந்தது அதுக்கு அப்புறம்தான்.

பெரியப்பா மாதிரி பயந்தவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. இந்திய இதயவியல் சங்கம் 187 மருத்துவமனைகள்ல கணக்கு எடுத்தது. 2020 ஊரடங்குக் காலத்துல மாரடைப்புன்னு வந்து சேர்ந்தவங்க முந்தின வருஷத்தை விட மூணுல ஒரு பங்குக்கு மேல குறைவு. மாரடைப்பு குறைஞ்சிடுச்சா? பல பேர் வீட்லயே கிடந்தாங்க, ஐயா!

ஸ்டிக்கர்லயும் ரெண்டு ஜாதி உண்டு. 2020 மார்ச் 28-ந்தேதி சென்னையில கமல்ஹாசனோட ஆழ்வார்பேட்டை முகவரியில தவறுதலா ஒட்டிட்டாங்க. விஷயம் வெளிய வந்ததும் கிழிச்சாங்க. எங்க பெரியப்பா வீட்டு ஸ்டிக்கர் மழையில நனைஞ்சு தானா உதிர்ந்துச்சு. உரிய அதிகாரி தனியா உத்தரவு போட்டாலொழிய நோயாளி வீட்டுல போஸ்டர் ஒட்டக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னப்போ 2020 டிசம்பர் 9. ரொம்ப சீக்கிரம்!

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருது. நல்ல திட்டம், மனசார பாராட்டறேன். ஆனா அடுத்த தொற்று வந்தா இது பூட்டின வீட்டுக்குள்ளயும் போகுமா? பக்கத்துல கேரளாவுல 2023-லயும் 2024-லயும் நிபா வந்து, திரும்பவும் ஆட்களைத் தனிமைப்படுத்தினாங்க. நமக்கு வராதுன்னு என்ன நிச்சயம்?

அதனால விதியில இப்பவே எழுதி வைங்க. ஒரு வீட்டைப் பூட்டினா முதல் நாளே அந்த வீட்டு மாத்திரைப் பட்டியல் எடுக்கணும். தினம் வர்றவர் தலையை எண்ணாம, "தூங்கினீங்களா? நெஞ்சு வலி இருக்கா?"ன்னு கேக்கணும். நெஞ்சு வலின்னா கொரோனாவோ இல்லையோ உடனே வண்டி வரும்னு முன்கூட்டியே சொல்லணும். மாட்டுக்கு ஒரு ஆள், தண்ணிக்கு ஒரு ஆள் பஞ்சாயத்து போடணும். கோடி கோடியா செலவு ஆகிற சமாசாரமா இது?

உத்திரமேரூர் கோயில் சுவர்ல குடவோலைக் கல்வெட்டு இருக்குன்னு மேடைக்கு மேடை பெருமை பேசறோம். பராந்தக சோழன் காலத்துலயே, ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி, ஏரியைப் பாத்துக்கத் தனி வாரியம் வச்ச ஊர். ஒரு வீட்ல அடைஞ்சு கிடந்த நாலு பேரைப் பாத்துக்க 2020-ல நம்மகிட்ட ஒரு ஆள் இல்லை.

டீக்கடை அண்ணே, அவர் சும்மா இல்லை. பயந்துக்கிட்டு இருந்தார்.

பி.கு: மனசு பாரமா இருந்தா 14416, டெலிமானஸ். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. இலவசம்தான், தமிழ்லயே பேசலாம். நெஞ்சு வலின்னா சீரகத் தண்ணி வேண்டாம், நேரா 108.