முத்திரை எங்கே? சாட்சி எங்கே?

"ரிவால்வர் பிடிபட்டது, தண்டனையும் கிடைத்தது, பிறகு ஏன் விடுதலை? சட்டத்தின் சந்து பொந்தில் தப்பிவிட்டான்!" என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்களுக்கு நாம் பதில் கூறியாக வேண்டும்.

பஞ்சாபில் தடா சட்டம் கோலோச்சிய காலம். 1995-இல் காலாவதியான அச்சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, அரசு குறித்த பகுதியில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே 5 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையிலும் போகலாம். அப்படித் தண்டிக்கப்பட்டவர் ஒருவரை 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. காரணம்? கைப்பற்றிய இடத்திலேயே ரிவால்வருக்கு முத்திரை வைக்கவில்லை. இடையில் யார் கை பட்டதோ! 1996-இல் இன்னொரு வழக்கு. சோதனைக்கு ஊரார் எவரும் சாட்சியாக இல்லை. அந்தத் தண்டனையும் ரத்தாயிற்று.

போலீசார் சொல்வதெல்லாம் பொய் என்று கோர்ட்டு கூறவில்லை, நாமும் கூறவில்லை. விதி மீறினாலே விடுதலை என்பதும் சட்டமல்ல. ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கொலை வழக்கென்றால் பிணம் இருக்கும், பகை இருக்கும், பார்த்தவர் இருப்பர். ஆயுத வழக்கில்? சோதனை ஒன்றுதான். எடுத்தேன் என்பவரும் போலீசு, கண்டேன் என்பவரும் போலீசு. மில் வாசலில் கொடி பிடித்தவன் குடிசைக் கூரையில் கத்தியைச் செருகிவிட்டு, "இதோ எடுத்தோம்" என்றால், அவனுக்குத் துணை யார்?

உண்மையாகவே எடுத்தவருக்கு ஊரார் இருவரை அழைப்பதில் என்ன கஷ்டம்? அரக்குக்கா நாட்டில் பஞ்சம்?

வெள்ளைக்காரன் எழுதிய 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 103-ஆவது பிரிவு இதைச் சொன்னது. 1973 சட்டத்தில் அது 100-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில், வேடிக்கை பாருங்கள், மறுபடி 103! அக்கம்பக்கத்து நடுநிலையாளர் இருவர் சாட்சியாக வேண்டும், வீட்டுக்காரர் உடனிருக்கலாம், எடுத்த பொருள்களின் பட்டியல் நகல் அவர் கைக்குத் தரப்பட வேண்டும். சோதனையை ஒலி ஒளியோடு படம்பிடிக்க வேண்டும் என்கிறது 105-ஆவது பிரிவு.

படம் வரட்டும், நல்லதே. ஆனால் சாட்சிக்கு அழைத்தால், "போலீஸ் வம்பு நமக்கேன்" என்று கதவைச் சாத்தாதீர்கள். போங்கள், எங்கே எடுத்தார்கள், என்ன எடுத்தார்கள் என்று கண்ணால் பாருங்கள். மகஜரைப் படித்து, தெரியாதவர் படிக்கச் சொல்லிக் கேட்டு, முத்திரை விழுந்த பிறகு கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.