கருமருந்தா, மாற்று மருந்தா? குழலைப் பார்த்து முடிவு செய்வோம்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக்கு வெடிமருந்து அந்நியப் பொருள் அல்ல. சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் உருளும் என்பதை அனுபவித்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மருந்தைப் பற்றிய அறிவும் அவர்களோடு சேர்ந்து கரைந்துகொண்டிருக்கிறது. ஆனால் சுற்றுக் கிராமங்களில், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிகள் பயிர்க் காவல் உரிமத்தோடு இன்னும் சுவரில் தொங்குகின்றன. அவற்றில் எந்த மருந்தைப் போடுவது என்ற கேள்வியை மேம்போக்காக விட்டுவிட முடியாது. இந்த மண்ணின் வரலாறு அதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது.

பங்காருபேட்டை வட்டத்திலுள்ள பூதிக்கோட்டை, மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்த ஊர். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை நிலைகுலைந்ததில் அவருடைய மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளுக்கு ஒரு பங்கு உண்டு. அந்த ராக்கெட்டில் இருந்ததும் கருமருந்தின் வெடியுப்பு, கந்தகம், கரி என்ற அதே மூன்றுதான். மருந்தில் புதுமை ஒன்றும் இல்லை. அதை அடைத்த உறையில்தான் புதுமை இருந்தது. ஐரோப்பியர் காகித அட்டைக் குழாயில் அடைத்ததை மைசூர்க் கைவினைஞர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். உறை தாங்கியதால் மருந்தைக் கூடுதலாக இறுக்க முடிந்தது. ராக்கெட் நெடுந்தூரம் போனது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்த பிறகு இந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு அங்கே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டை உருவாக்கினார். மருந்தும் அதைத் தாங்கும் இரும்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது இந்த மாவட்டத்துக்குப் பழைய பாடம்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாருக்கு வந்தபோது, ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கருமருந்து எரிந்து தள்ளும். டைனமைட் ஒரே கணத்தில் நொறுக்கும். தங்கம் ஒளிந்திருந்த கெட்டியான பாறைக்கு நொறுக்கும் மருந்துதான் வேண்டும். தண்ணீர் கசியும் துளையில் கருமருந்து நமுத்துப் போகும். டைனமைட் வகையான ஜெலட்டின் குச்சி தாங்கும். ஆகவே சுரங்கத்தில் வலிமையான மருந்து வென்றது நியாயமே.

அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவன் துளைக்குள் குச்சியைச் செருகிய தொழிலாளி. அதிலுள்ள நைட்ரோகிளிசரின் பட்டாலே மண்டை பிளக்கும் தலைவலி. வெடித்த பின் தங்கும் வாயு ஒரு பக்கம், துளையிடும்போதும் வெடிக்கும்போதும் பறக்கும் கல்தூசு மறுபக்கம். 1940களில் இங்கே தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. நிறுவனத்தின் கணக்கில் புதிய மருந்து லாபம். நுரையீரல் கணக்கை எழுதும் பொறுப்பைக் குடும்பங்களிடம் விட்டுவிட்டார்கள். மாற்று மருந்தைப் புகழும்போதெல்லாம், ஆபத்து யார் பக்கம் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும் என நான் நினைப்பது இதனால்தான்.

துப்பாக்கிக்கு வருவோம். 1884இல் பிரான்சின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இருபதே ஆண்டுகளில் அந்த மாற்றம் இந்தியாவுக்கும் வந்தது. நீலகிரியின் அருவங்காட்டில், புகையில்லா மருந்தான கார்டைட்டுக்கு ஆலை எழுந்தது. நூறாண்டுக்கு மேல் கருமருந்து செய்த இஷாப்பூரில் 1904இல் துப்பாக்கி ஆலை வந்தது. ஆனால் புகையில்லா மருந்து பழைய துப்பாக்கிக்கான மாற்று அல்ல. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும். கருமருந்துக்காக அடித்த குழல் அதைத் தாங்காது: அடிப்பகுதி பிய்ந்து, சுடுகிறவனின் முகத்துக்கு நேராக வரும். அளவைக் குறைத்துப் போட்டால் பரவாயில்லை என்று சொல்லும் பேச்சை நம்பவே கூடாது.

உண்மையான மாற்று 1970களில் அமெரிக்காவில் வந்தது. பைரோடெக்ஸ் என்ற அந்த மருந்தைக் கருமருந்து அளக்கும் அதே கிண்ணத்தால் அளக்கலாம். எடை போட்டு அளந்தால் தவறாகிவிடும். எளிதில் தீப்பற்றாது என்பதால் சேமிப்பதிலும் கொண்டுபோவதிலும் ஆபத்து குறைவு. அதே காரணத்தால் சக்கிமுக்கிக் கல்லின் பொறிக்கு அது சரியாகப் பிடிக்காது. தட்டினால் பொறி தரும் கேப்பு வைத்த துப்பாக்கிக்குத்தான் ஏற்றது. அதிலுள்ள பெர்குளோரேட் எரிந்து குளோரைடு உப்பாகத் தங்கிக் குழலை அரிக்கும். இந்த விஷயத்தில் கருமருந்தும் சளைத்ததல்ல. அதன் கசடு ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றும். எதைச் சுட்டாலும் அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவியாக வேண்டும்.

நம் கிராமங்களில் பைரோடெக்ஸ் டப்பாவைப் பார்த்தவர்கள் இல்லை. கேழ்வரகிலும் நிலக்கடலையிலும் காட்டுப்பன்றி இறங்கும் இரவில் உரிமக் கடைக் கருமருந்து கைவசம் இல்லாவிட்டால், சிலர் பட்டாசைப் பிரித்துக் கொட்டுகிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மாற்று மருந்து இதுதான், இதைவிட மோசமானது இருக்க முடியாது. சத்தத்துக்காகச் செய்த அலுமினியக் கலவை எந்த வேகத்தில் எரியும், எவ்வளவு அழுத்தம் தரும் என்பதை ஊற்றுகிறவர் அறிய வழியே இல்லை. துப்பாக்கியும் இல்லாத இடத்தில், தீனிக்குள் வெடியை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் வருகிறது. அதைக் கடித்த யானை வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. காமசமுத்திரம் காட்டு ஓரத்தில் யானை நடமாட்டம் உள்ள நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

என் முடிவு கருமருந்துதான். அந்தக் குழல்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. கிண்ணத்தில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் பொறுக்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் உரிமத்தை மட்டும் புதுப்பித்துத் தந்துவிட்டு மருந்துக்கு வழி சொல்லாமல் விடுவது, விவசாயியைப் பட்டாசுக் கடைக்கு அனுப்புவதற்குச் சமம். மாவட்ட நிர்வாகம் புதுப்பிக்கும்போதே குழலை ஆயுதம் அறிந்தவரிடம் காட்டிச் சோதிக்கட்டும். குழலின் அடியை மூடும் அடிமரையும் கேப்பு முனையும் தேய்ந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். தேறியவற்றுக்குத் தரமான கருமருந்து, அளவுக் கிண்ணத்தோடு, உரிமக் கடையில் கணக்கு எழுதிக் கிடைக்கட்டும். பன்றி அழித்த பயிருக்கான இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்பே கைக்கு வந்தால், அந்தத் துப்பாக்கிகளில் பாதியைத் தொடவே வேண்டியிருக்காது.