இல்லாமையும் எட்டாமையும்

கணினியில் இயங்கும் மென்பொருள்கள், தம்மைப் பயன்படுத்துவோருடைய விருப்பங்களையும் குறிப்புகளையும் தனியானதொரு கோப்புறையில் சேமித்து வைத்தல் வழக்கம். 1.0 பதிப்பாக 2004-ஆம் ஆண்டு வெளிவந்த பயர்பாக்ஸ் என்னும் இணைய உலாவியை எடுத்துக்கொள்வோம். நாம் குறித்துவைத்த பக்கங்கள், சேமித்த கடவுச்சொற்கள் முதலியன யாவும் அத்தகைய கோப்புறையொன்றினுள் அடங்கும். அக்கோப்புறையின் இருப்பிடத்தை வேறொரு சிறு பட்டியற்கோப்பு குறித்து வைத்துள்ளது. யாரேனும் கோப்புறையை அழித்தாலும் இடம் பெயர்த்தாலும் உலாவி திறவாது. அஃது இல்லாமலிருக்கலாம் அல்லது அணுக இயலாததாயிருக்கலாம் என்றோர் அறிவிப்பை மாத்திரம் காட்டி நின்றுவிடும்.

புதிய கோப்புறையொன்றைத் தானே படைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாகாதா என்பார் பலர். அங்ஙனம் செய்யும் மென்பொருள்களும் பலவுள. லினக்ஸ் உலகில் வழங்கும் எக்ஸ்.டி.ஜி. விதிகள், எழுதவேண்டிய கோப்புறை இல்லையெனில் அதனை உண்டாக்க முயலுமாறும், படிக்க இயலாத கோப்பைக் கடந்து செல்லுமாறும் கூறுகின்றன. முதன்முதல் வருவோர்க்கு இஃது ஏற்றதே. ஆனால் பல்லாண்டு குறிப்புகளைச் சேர்த்த ஒருவர்முன் வெறும் பக்கத்தை விரித்து, ஒன்றும் நேராதது போல நடித்தல் எங்ஙனம் தகும்? அவருடைய கோப்புறை வெளிவட்டொன்றில் நலமேயிருக்க, வட்டை இணைக்க மறந்தமையே குறையாயிருத்தலும் கூடுமன்றோ? விண்டோஸ் நடுவழியொன்றைக் கைக்கொள்ளும். பயனர் கோப்புறை ஏற்றப்படாவிடின் தற்காலிகமானதொன்றைத் தந்து, வெளியேறுங்கால் அதில் வைத்தவை அழிந்துபடும் என்று எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையைப் படியாதார் ஒருநாள் உழைப்பை இழப்பர்.

ஆதலின் பயர்பாக்ஸ் நின்றுவிடுவதே நன்றென்பது எம் கருத்து. பட்டியல் இருந்து கோப்புறை இல்லையெனில் வந்தவர் புதியவரல்லர், இழந்தவர் என்பது அதற்குத் தெரிகின்றது. எனினும் அவ்வறிவிப்பிலுள்ள 'அல்லது' என்னும் இடைச்சொல்லை யாம் ஒப்புதற்கில்லை. நூலகப் பட்டியலிற் கண்ட ஏட்டைக் கேட்கும் மாணவனுக்கு, ஏடே இல்லை என்பதும் அலமாரி பூட்டியுள்ளது என்பதும் ஒரே விடையாமோ? இயங்குதளம் இவ்விரண்டையும் பிரித்தே உரைக்கின்றது. லினக்ஸில் இல்லாமைக்கு 2 என்னும் பிழையெண்ணும், அனுமதியின்மைக்கு 13 என்பதும் வரும். அனுமதி குறைவெனின் கோப்புறையின் உரிமையை மாற்றினாற் போதும். இல்லையெனின் முன்னர் எடுத்துவைத்த படியைத் தேடவேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்தும் மென்பொருள் ஏன் மறைத்தல் வேண்டும்? அன்றியும், தான் தேடிச் சென்ற பாதையின் பெயரையேனும் அவ்வறிவிப்பு கூறுகின்றதா? அதுவும் இல்லை. பாதையையும் பிழையின் வகையையும் எழுத இரண்டு வரிகளே வேண்டும். அவற்றை முதலிற் சேர்த்துவிட்டு, புதிய கோப்புறை படைப்பதா என்பதைப் பயனரிடமே கேட்கலாம்.